கமாவுக்கு அந்தப் பக்கம்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: ரிப்பன் வெட்ட ஊட்டியிலிருந்து வந்த பெரியவர், அவருடைய குடையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்ற டிரைவர், பிரின்சிபால், உதவி மையத்துக்கென்று புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த மேடம், ஆபீஸ் கிளார்க், போட்டோக்காரர், டீ கொண்டுவந்துவிட்டு, கிளாஸைத் திரும்ப வாங்குவதற்காகக் காத்திருந்த கடைக்காரர், மாணவர்கள் நான்கு பேர், அதில் நான் ஒருத்தி. மொத்தம் பதினொன்று. நான் எண்ணினேன். எங்கே போனாலும் எண்ணுவேன். பஸ்ஸில் எத்தனை பேர், வார்டில் எத்தனை கட்டில், வெளியே போகிற கதவு எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்ளாவிட்டால் என்னால் நிம்மதியாக உட்கார முடியாது.

அடுத்த மாதம் வந்த கல்லூரிச் செய்தி மடலில், "மாணவர் உதவி மையத் திறப்பு விழாவில் திரளான மாணவ மாணவியர் கலந்துகொண்டு சிறப்பித்தனர்" என்று போட்டிருந்தது. போட்டோவில் பெரியவரின் கை, கத்தரிக்கோல், ரிப்பன். அவ்வளவுதான். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து திரளாகியிருந்தோம்.

சமுதாயக் கல்லூரி என்று பெரிய பேர். கூடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால், ஒரு உரக்கடைக்கு மேலே நான்கு அறைகள். ஒன்று ஆபீஸ், இரண்டு வகுப்பு, நான்காவதில் அதுவரை உடைந்த பெஞ்சுகள் கிடந்தன. பெஞ்சுகளை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டு அதைத்தான் உதவி மையம் ஆக்கினார்கள். செய்தி மடலின் பேர் 'வளாகச் செய்திகள்'. எது வளாகம்? மாடிப்படியா? மழைக்காலத்தில் உர மூட்டையின் நெடி படியேறி வகுப்புக்கு வரும். எங்களைவிட ஒழுங்காக வரும். ஆனால் மடல் மட்டும் வழவழவென்ற தாளில், நாலு பக்கம், கலரில். அந்தத் தாளைத் தொட்டுப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா. கூட்டுவது, துடைப்பது, பெட்பேன் எடுப்பது. நர்சிங் அசிஸ்டென்ட் டிப்ளமோ ஒரு வருஷம் படித்துச் சர்டிபிகேட் கொண்டுவந்தால் அசிஸ்டென்டாக மாற்றிவிடுகிறோம் என்று வார்டு சிஸ்டர் சொல்லியிருந்தார். எட்டாவது படித்தவர்களையும் இந்தக் கல்லூரியில் சேர்ப்பார்கள். நான் ஒன்பதாவதில் நின்றவள். நின்றதற்குக் கண்ணீர்க் கதை எதுவும் கிடையாது. முழுப் பரீட்சையில் பெயிலாகிவிடுவேனோ என்ற பயத்தில் பரீட்சைக்கே போகவில்லை. காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். பெயிலாகாமல் இருப்பதற்கு அந்த வயதில் எனக்குத் தோன்றிய ஒரே வழி அதுதான். இருபத்துமூன்று வருஷம் கழித்து ஒரு பரீட்சை எழுத வேண்டும் என்று நானாக ஆசைப்பட்டது இதுதான் முதல் தடவை. இவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் எழுதுகிறேன்.

உதவி மையத்துக்கு நான் முதலில் போனது பஸ் விஷயமாக. தேவாலாவிலிருந்து வருகிறேன். மழைக்காலத்தில் நாடுகாணிப் பக்கம் ஒரு மரம் விழுந்தால் பாதி நாள் போய்விடும். வருகைப் பதிவில் கழித்துவிடுவார்களோ என்று மூன்று நாள் யோசித்து, நாலாவது நாள் கதவைத் தட்டினேன்.

மேடம் கோயமுத்தூர்ப் பக்கம். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"வாங்க, வாங்க. உக்காருங்க. ஏனுங்க, முகமெல்லாம் இப்படி வாடிக் கெடக்குது?"

"பஸ் லேட்டாகுது மேடம். அட்டெண்டன்ஸ்ல கழிச்சிருவாங்களா?"

"டென்ஷன் ஆகாதீங்க. கண்ண மூடுங்க. மூச்ச உள்ள இழுங்க. பொறுமையா விடுங்க. இப்ப எப்படி இருக்குதுங்க?"

"அட்டெண்டன்ஸ் மேடம்..."

"அதத்தானுங்க விடச் சொல்றேன்."

மூச்சு விடுவதற்காக நான் இருபது கிலோமீட்டர் பஸ் ஏறி வரவேண்டியதில்லை. தேவாலாவில் காற்று நன்றாகவே கிடைக்கிறது. ஆனாலும் இழுத்தேன், விட்டேன். மரியாதையாகச் சொல்கிறவர்களிடம் எனக்கு எதிர்த்துப் பேச வராது. கிளம்பும்போது ஒரு நீளமான நோட்டைத் திறந்து என் பேரை எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

இரண்டாவது தடவை போனது கட்டணத்துக்காக. வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம், மூன்று தவணை. இரண்டு கட்டிவிட்டேன். மூன்றாவது நாலாயிரத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது, கல்லூரி வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. அந்தக் குரூப்பில் நாங்கள் யாரும் பதில் போட முடியாது. அவர்கள் சொல்வார்கள், நாங்கள் பார்க்கலாம். பாதி நாள் ரோஜாப்பூவும் காலை வணக்கமும்தான் வரும். அன்றைக்கு ரோஜாப்பூவுக்குக் கீழே, எஸ்டேட் குடும்பத்து மாணவர்களுக்குக் கட்டண உதவி உண்டு, உதவி மையத்தை அணுகவும் என்று இருந்தது.

அணுகினேன். அம்மாவின் எஸ்டேட் அட்டை, சிலோனிலிருந்து வந்தபோது கொடுத்த குடும்ப அட்டை, ரேஷன் கார்டு, எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு ஜெராக்ஸ், மழைக்கு மூன்று பிளாஸ்டிக் உறை. மேடம் ஒன்றையும் வாங்கிப் பார்க்கவில்லை. நோட்டைத் திறந்தார்.

"உங்க பேரப் போட்டுட்டேனுங்க. இனி கவலையே படாதீங்க."

இங்கேதான் நான் விழுந்தேன். வேறு யாராக இருந்தாலும் விழுந்திருக்க மாட்டார்கள். எங்கள் ஆட்கள், அதுவும் சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் வீட்டில் வளர்ந்தவர்கள்தான் இப்படி விழ முடியும். எங்களுக்குப் பேர் என்றால் ஒரு நாள் கூலி. காலையில் ஆள் எடுக்கிற பெரட்டுக்களத்தில் போய் நின்று, கொழுந்து பறித்து, சாயங்காலம் எடை சரியாக இருந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" என்று கேட்டால் காசு உண்டா என்று அர்த்தம். அம்மா வேலையை விட்டுப் பல வருஷமாகியும் வீட்டில் அதே பேச்சுத்தான். ஒருவர் நோட்டில் என் பேரைப் போட்டுவிட்டார் என்றால், அதற்குண்டான காசு மாசக் கடைசியில் வந்தே தீரும். என் ரத்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"பேர் போட்டாச்சா? முழுப்பேரா, அரைப்பேரா?"

"முழுப்பேராத்தான் இருக்கும்."

"இருக்கும்னா? கேட்டியா? அரைப்பேரப் போட்டுட்டு முழுப்பேருன்னு கையெழுத்து வாங்குவானுக. நாளைக்கே போயி கேளு."

எனக்குக் கவலையை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அம்மா ஒரு வார்த்தை சொன்னால் அது இரண்டு பங்காகிவிடும். மறுநாளே போய் நின்றேன்.

"மேடம், முழுப்பேரா போட்டிருக்கீங்க?"

மேடம் நோட்டைத் திருப்பி என் பக்கம் காட்டினார். சிரித்தார். "முழுப் பேரும் போட்டிருக்கேனுங்க. பாருங்க, இனிஷியலோட."

பார்த்தேன். இனிஷியலோடு இருந்தது. திருப்தியாக வீடு வந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் குரூப்பில் இன்னொரு செய்தி: வெள்ளைக் கோட்டும் வெள்ளை ஷூவும் இல்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரிச் செய்முறைப் பயிற்சியில் அனுமதி இல்லை, கல்லூரி சொல்லும் கடையில் மட்டும் வாங்கவும். சேர்த்து வைத்த நாலாயிரத்தில் கோட்டுக்கும் ஷூவுக்கும் பேட்ஜுக்குமாக இரண்டாயிரத்து அறுநூறு போனது. பயமே இல்லாமல் செலவு செய்தேன். என் வாழ்க்கையில் பயமே இல்லாமல் நான் செய்த ஒரே செலவு அதுதான், அதன் லட்சணம் இப்படி.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் ஹால் டிக்கெட் கொடுத்தார்கள். ஆபீஸ் ஜன்னல் முன்னால் வரிசை. எனக்கு முன்னால் நின்றது எங்கள் வகுப்பிலேயே வாயாடியான பெண், பத்தொன்பது வயது. கையில் அந்த மாத மடல்.

"அக்கா, நீங்க நியூஸ்ல வந்துட்டீங்க! பெரிய ஆளாயிட்டீங்க, இனிமே எங்ககூடப் பேசுவீங்களா?"

"எதுக்கு வந்திருக்கேன்?"

"உதவி வாங்கினதுக்கு. அதுவும் மூணு வாட்டி. லிஸ்ட்ல உங்க பேரு மூணு எடத்துல இருக்கு. எங்களுக்கெல்லாம் வச்சிருந்ததையும் நீங்களே தூக்கிட்டீங்களாக்கா?"

பின்னாலிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் மடலை வாங்குவதற்குள் என் முறை வந்துவிட்டது. கிளார்க் கூடலூர்க்காரர், பாதி மலையாளம் கலந்துதான் பேசுவார்.

"சேச்சி, மூணாவது தவணை எவிடெ?"

"எனக்குப் பேர் போட்டிருக்கு சார். உதவி மையத்துல."

"பேர் எல்லாருக்கும்தான் இருக்கு. எனக்கும் இருக்கு. பைசா வேணும் சேச்சி. பைசா இல்லாம ஹால் டிக்கெட் தரக்கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு. மனசிலாச்சா?"

மனசிலாகவில்லை. கையிலிருந்த ஆயிரத்து நானூறைக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு ரசீது போட்டார். மீதி இரண்டாயிரத்து அறுநூறு, தாமதக் கட்டணம் இருநூறு, ஆக இரண்டாயிரத்து எண்ணூறு என்று ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். ஹால் டிக்கெட் ஜன்னலுக்கு உள்ளேயே, என் கண் முன்னால், ரப்பர் பேண்டு போட்டுக் கிடந்தது. என் போட்டோ மேலே தெரிந்தது.

அந்தப் பெண்ணிடமிருந்து மடலை வாங்கிக்கொண்டு உதவி மையத்துக்கு நடந்தேன். எட்டுத் தப்படி.

"மேடம், எனக்குப் பேர் போட்டீங்களே!"

"ஆமாங்க, போட்டிருக்கேனே." நோட்டைத் திறந்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு தடவ வந்திருக்கீங்க, மூணு தடவையும் போட்டிருக்கேன். எதையும் விடலைங்க."

அப்போதுதான் அந்த நோட்டின் கட்டங்களை முழுசாகப் பார்த்தேன். பேர் என்று ஒரு கட்டம். பிரச்சினை என்று ஒரு கட்டம். தீர்வு என்று ஒரு கட்டம். என் பேருக்கு நேரே மூன்று வரியிலும் பிரச்சினை: 'பதற்றம்'. தீர்வு: 'ஆலோசனை வழங்கப்பட்டது'. பஸ்ஸுக்குப் போனதும் பதற்றம். கட்டணத்துக்குப் போனதும் பதற்றம். முழுப்பேரா என்று கேட்கப் போனதும் பதற்றம்தான். நாலாயிரம் ரூபாய் இல்லை என்று ஒருத்தி வந்து சொன்னால், ரூபாய்க்கு அந்த நோட்டில் கட்டம் இல்லை. அவள் முகம் எப்படி இருந்தது என்பதற்குத்தான் கட்டம் இருந்தது.

"இந்த நோட்டு எதுக்கு மேடம்?"

"ரிப்போர்ட்டுக்குங்க. எத்தன பேரு பயனடைஞ்சாங்கன்னு மையத்துக்குப் பணம் குடுக்கிறவங்க வருசத்துக்கு ரெண்டு தடவ கேப்பாங்க."

"நான் என்ன பயனடைஞ்சேன்?"

மேடம் உண்மையிலேயே யோசித்தார். "இப்ப கேள்வியெல்லாம் தைரியமா கேக்கறீங்களே, அதானுங்க."

மடலை மேஜை மேல் வைத்தேன். மூன்றாவது பக்கம், பட்டியல். தலைப்பு: 'கட்டண உதவி, ஆலோசனை பெற்றுப் பயனடைந்த மாணவர்கள்'. கீழே என் பேர் மூன்று இடத்தில், இனிஷியலோடு.

"இதுல கட்டண உதவின்னு போட்டிருக்கே மேடம்."

"நல்லாப் பாருங்க. கட்டண உதவி, கமா, ஆலோசனை. நீங்க கமாவுக்கு அந்தப் பக்கம்."

"இந்தப் பக்கம் யாரு?"

மேடம் நோட்டை மூடினார். "இன்னும் ஃபண்டு வரலைங்க."

ஒன்பதாவதோடு நின்றவள்தான். கமா தெரியும். ஒரு கமா போட்டு, அதற்கு இந்தப் பக்கம் ஒருத்தரையும் வைக்காமல், அந்தப் பக்கம் எங்களை எல்லாம் உட்கார வைத்து, கலரில் அச்சடிக்கலாம் என்பதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்குக் கல்லூரிக்குத்தான் வர வேண்டியிருந்தது.

இனி நடந்ததைச் சிலர் என் தைரியம் என்று சொல்கிறார்கள். வகுப்பில் அந்தப் பெண் இன்றுவரை "அக்கா பிரின்சிபாலையே மெரட்டிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். அப்படியெல்லாம் இல்லை. நான் பிரின்சிபால் அறைக்கு ஓடியது ஹால் டிக்கெட்டுக்காகக்கூட இல்லை; அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்துவிட்டது. முன்பு ஒரு தடவை எங்கள் எஸ்டேட்டில், வீடு பெற்றவர்கள் என்று ஒரு பட்டியல் ஒட்டினார்கள். அதில் அம்மாவின் பேர் இருந்தது. வீடு வரவில்லை. அதற்குப் பிறகு எதற்கு மனு கொடுத்தாலும், "உங்களுக்குத்தான் கொடுத்தாச்சே, பேர் இருக்கே" என்று திருப்பி அனுப்பினார்கள். வாங்காததை வாங்கினதாகத் தாளில் பேர் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு யாராவது வந்து, மூன்று தடவை கட்டண உதவி வாங்கியிருக்கிறாயே, கணக்குக் கொடு என்றால் நான் என்ன செய்வேன்?

பிரின்சிபால் போனில் பேசிக்கொண்டிருந்தார். போனை வைக்கும்வரை நின்றேன். மடலை நீட்டினேன்.

"சார், இத அனுப்பிட்டீங்களா?"

"எத?"

"இந்தப் புத்தகத்த. யாருக்கெல்லாம் சார் அனுப்பினீங்க?"

"எல்லாருக்கும்தான். ஏன்?"

"பணம் குடுக்கிறவங்களுக்கும் போயிருச்சா சார்?"

அவர் முகம் கொஞ்சம் மாறியது. எனக்கு அது விளங்கவில்லை. எனக்கு ஒரு கேள்வியை ஒரு தடவை கேட்டால் போதாது. கேஸ் அடுப்பை மூடினேனா என்று நாலு தடவை பார்க்கிறவள் நான்.

"அவங்க படிப்பாங்களா சார்? மூணாம் பக்கத்தப் படிப்பாங்களா? படிச்சா என்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்களா? கேட்டா நான் என்ன சார் சொல்லணும்? வாங்கினேன்னு சொல்லணுமா, வாங்கலைன்னு சொல்லணுமா?"

"உக்காரும்மா."

"இல்ல சார், நிக்கறேன். யாராவது கேட்டா என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லிருங்க. நான் அப்படியே சொல்லிடறேன்."

சத்தியமாக, பயந்துதான் கேட்டேன். அவர் என்னையே பார்த்தார். இவ்வளவு நாளும் படியில் எதிரே வந்தால் பார்க்காமல் போகிறவர், அன்றைக்கு என் முகத்தில் எதையோ தேடினார். நான் பயந்துபோய் நின்றதை அவர் வேறு மாதிரி படித்துக்கொண்டார். பயப்படுகிறவளைப் பார்த்துப் பயந்த ஒரே ஆள் என் வாழ்க்கையில் அவர்தான். பெல்லை அடித்துக் கிளார்க்கைக் கூப்பிட்டார்.

"இவங்க ஹால் டிக்கெட்டக் குடுத்துடுங்க. பாக்கிய அப்புறம் கட்டறேன்னு எழுதி வாங்கிக்கங்க."

கிளார்க் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஜன்னலுக்கு வந்ததும் மெதுவாகக் கேட்டார்: "சேச்சி, உள்ள என்ன சொன்னீங்க?"

"கேள்விதான் கேட்டேன்."

"அத முன்னாடியே கேட்டிருக்கக்கூடாதா?"

பரீட்சை எழுதினேன். மூன்று பேப்பர், ஒரு செய்முறை. முதல் நாள் காலையில் எனக்கு உண்மையிலேயே காய்ச்சல் மாதிரி இருந்தது. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல, எந்திரிச்சுப் போ" என்றார். ஒன்பதாவதில் அம்மா விடியுமுன் பெரட்டுக்குப் போய்விட்டதால் அன்றைக்குத் தொட்டுப் பார்க்க ஆள் இல்லை. போனேன். எழுதினேன். பாஸ். செய்முறையில் இரத்த அழுத்தம் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் சிஸ்டர், "இப்படித்தான் இருக்கணும்" என்றார். ஒரு வருஷத்தில் என் கவலைக்கு ஒருத்தர் மதிப்பெண் போட்டது அங்கே மட்டும்தான்.

பட்டமளிப்பு விழா என்று ஒன்று வைத்தார்கள். உரக்கடைக்குப் பக்கத்தில் பந்தல். ரிப்பன் வெட்டிய அதே பெரியவர் வந்தார். என்னை முதலில் மேடைக்குக் கூப்பிட்டார்கள். பயனடைந்தவர்களில் நான்தானே முதல் ஆள், மூன்று தடவை. பெரியவர் சர்டிபிகேட்டைக் கொடுத்தார். போட்டோக்காரர், "இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்கக்கா, சிரிங்க" என்றார். தூக்கிப் பிடித்தேன். சிரித்தேன். என் பேர் தங்க எழுத்தில், இனிஷியலோடு இருந்தது. படித்து முடிப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேடையிலிருந்து இறங்குகிற படியில் கிளார்க் நின்றுகொண்டிருந்தார். கையை நீட்டினார். கை கொடுக்கிறார் என்று நினைத்து நானும் நீட்டினேன்.

"சர்டிபிகேட் சேச்சி. போட்டோவுக்குத்தான் குடுத்தது. பாக்கியக் கட்டிட்டு ஆபீஸ்ல வாங்கிக்கோங்க."

கொடுத்துவிட்டேன். வேறு என்ன செய்வது, பந்தலில் அத்தனை பேர். அன்றைக்கு எண்ணவில்லை.

அந்த மாத மடலில் முதல் பக்கத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். 'உதவி மையத்தின் துணையால் பதற்றத்தை வென்று பட்டம் பெற்ற தேயிலைத் தோட்டத்து மகள்' என்று தலைப்பு. கமா இல்லை. அதை வார்டு சிஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். போட்டோவை நன்றாகப் பார்த்தார். "அழகா இருக்கே. ஆனா போட்டோவ வச்சு நான் என்ன பண்றது? ஒரிஜினலக் கொண்டு வா, அன்னைக்கே மாத்திவிடறேன்" என்றார். பெட்பேனை எடுத்துக்கொண்டு போனேன்.

ஆயா சம்பளத்தில் மிச்சம் பிடித்து இரண்டு தடவை ஐநூறு ஐநூறாகக் கட்டியிருக்கிறேன். இரண்டு தடவையும் ரசீதுக்கு ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். கட்டப் போகும்போதெல்லாம் உதவி மையத்து மேடம் கதவருகில் வந்து நிற்கிறார். "வாங்க, ஒரு நிமிசம் உக்காந்துட்டுப் போங்க, எப்படி இருக்கீங்க?" என்கிறார். உட்காருவதில்லை. உட்கார்ந்தால் நோட்டைத் திறந்து பேரைப் போட்டுவிடுவார். அம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்: "இன்னும் எவ்வளவு?"

ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.